சீனியம்மாளின் சத்தத்தைக் குடித்த செடி

செங்கோட்டுமேட்டு மில்லில் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மில்லுக்குப் பின்னால் மூன்றாம் லைனில், பதினான்கு வீடுகளில் ஏழாவது வீட்டில், இருளப்பன் என்கிற ஃபிட்டர் தன் மனைவி சீனியம்மாளின் வலிக்காக ஒரு கஞ்சாச் செடியை வீட்டுக்குள் வைத்து வளர்த்தான். அந்தச் செடி முளைத்த அன்றே அவளுடைய சத்தத்தைக் குடிக்கத் தொடங்கியது.

லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் தட்டு அதிரும். இரவு ஷிப்டு பார்த்து வந்தவன் பகலில்தான் தூங்கியாக வேண்டும் என்பதால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தூங்குகிறவன் வீட்டு நிலைக்கதவில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுவார்கள். அதைக் கண்டால் அம்மி அரைக்கிறவள் கையை நிறுத்துவாள், சண்டை போடுகிறவர்கள் மிச்சச் சண்டையை மில் கேட்டுக்குக் கொண்டுபோவார்கள், அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடப்பார்கள். அந்தத் துணிக்கு லைனிலேயே அதிக மரியாதை கொடுத்தவள் சீனியம்மாள். இருளப்பன் படுத்திருக்கும் பகல்களில் குடத்தைத் தரையில் வைக்கும்போதுகூட அடியில் பழைய சேலையை மடித்துப் போடுவாள். ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு வந்தால் ஓடிப்போய் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாதய்யா, அவுக தூங்குறாக" என்பாள். இருபத்தாறு வருஷம் இப்படி. பிள்ளை இல்லாத வீடு, அவளுக்கு அது சுலபம் என்று சொன்னவர்களும் உண்டு. அதையும் துணி கட்டிய வாசலில் நின்று சொல்ல அவள் விட்டதில்லை.

அப்படிப்பட்டவளின் எலும்புக்குள் நோய் இறங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். கொடுத்த மாத்திரை முதலில் அரை நாள் நின்றது, பிறகு ஒரு மணி நேரம் நின்றது, பிறகு விழுங்கிய தண்ணீர் உள்ளே போகிற வரைக்கும்கூட நிற்கவில்லை. மார்கழி மாதத்தில் அவளுக்குப் பேச்சு நின்று கத்தல் மட்டும் மிஞ்சியது. கத்தல் மத்தியானம்தான் உச்சத்துக்கு வரும், பதினான்கு வீட்டிலும் இரவு ஷிப்டுக்காரர்கள் படுத்திருக்கிற நேரத்தில். முதல் மாதம் எல்லோரும் அழுதார்கள். இரண்டாம் மாதம் காதில் பஞ்சு வைத்தார்கள். மில்லில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுத் தங்கப்பழம் நாலு நாள் தூக்கமில்லாமல் வேலைக்குப் போய், ஓடுகிற மிஷினுக்குள் கையை விட்டு இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் மனைவி வெயிலாச்சி ஏழாம் வீட்டு வாசலில் வந்து நின்று, ரத்தம் ஊறிய கட்டுத்துணியை எல்லோரும் பார்க்கும்படி உதறிக் காயப்போட்டுவிட்டுப் போனாள்.

பங்குனியில் சீனியம்மாளின் தம்பி மாடக்கண்ணு வந்தான். கப்பலில் சமையல்காரன். அக்காளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். உள்ளே பஞ்சில் ஒரே ஒரு விதை.

"கஞ்சா விதைதான் அத்தான். ஆனா நம்ம மலைக் கஞ்சா இல்ல. அது பகல் சுருங்குறதப் பாத்துப் பூக்கும். இது வெயிலையும் பாக்காது, இருட்டையும் பாக்காது, தன் வயச மட்டும் பாக்கும். முளைச்ச நாள்லேருந்து தானே எண்ணிக்கிட்டு வந்து, நாள் ஆனதும் பூத்துரும்."

"எம்புட்டு நாளு மாப்ள?"

"எழுபதாம் நாளு அறுத்துரணும். பூவ நெய்யில போட்டுக் குடுத்தா அக்கா வலி தெரியாமத் தூங்கும். நாளத் தாண்டி விட்டீகன்னா வெறும் சருகு. மாத்தி நடக்கூடாது, பிறந்த சட்டியிலேயேதான் சாகணும். இன்னொன்னு கேட்டுராதீக, எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

"எழுபது நாளு உங்கக்கா தாங்குவாளா?"

"அவ தாங்குவா," என்றான் மாடக்கண்ணு. "நீங்க தாங்கணும்."

இருளப்பன் பெயிண்ட் டப்பா ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, கண்மாய் மண்ணையும் எருவையும் கலந்து, கட்டிலுக்குத் தலைமாட்டில் வைத்து விதையை ஊன்றினான். மேலே ஒரு ட்யூப்லைட்டைக் கயிற்றில் கட்டித் தாழ இறக்கினான். நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டு இரண்டு இலை எட்டிப் பார்த்தது. சீனியம்மாளின் கத்தல் பாதியில் நின்றது.

அந்த அமைதியில் லைன் முழுவதும் விழித்துக்கொண்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்டது, யாரோ ஒரு கிழவர் தனக்குக் காது போய்விட்டது என்று அழுதார். இருளப்பன் ஓடிவந்து பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், மூச்சு இருந்தது. "வலி இல்லையா?" என்றான். அவள் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தாள், மூடினாள். அவன் ஃபிட்டர். ஒரு மிஷின் சத்தம் போட்டால் கோளாறு, போடாவிட்டால் கோளாறு இல்லை. முப்பது வருஷமாக அவன் படித்தது அது ஒன்றுதான். வாசலுக்கு வந்து பதினான்கு வீட்டுக்கும் கேட்கும்படி, "என் பொண்டாட்டிக்கு வலி போயிருச்சு" என்று சொன்னான். சொல்லிவிட்டு நிலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அவள் கட்டிலுக்குக் கீழேயே படுத்துத் தூங்கினான். அன்றும் தூங்கினான், மறுநாளும் தூங்கினான், அதற்கு மறுநாளும் தூங்கினான். வெயிலாச்சி வெல்லப் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் விரிப்பை மாற்றுவதற்காக அவளைப் புரட்டியபோது, கட்டில் நாடாக்கள் நகத்தால் கிழிந்து நார்நாராகத் தொங்குவதைக் கண்டான். அவள் வாய் கடைவாய்ப் பல் தெரியத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை. தலைமாட்டில், காற்றே இல்லாத அறையில், இரண்டு விரல் உயரச் செடி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

மில்லில் பேரிங்குக்குள் என்ன கோளாறு என்று தெரிய, ஸ்க்ரூடிரைவரின் முனையை மிஷினில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். இருளப்பன் இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, முனையைத் தண்டின் அடியில் மெதுவாக வைத்து, பிடியில் காதை வைத்தான். உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம்கூடக் குறையவில்லை. முதல் நாள் பன்னிரண்டு மணியிலிருந்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பஞ்சுப் பொதியை அமுக்கிக் கட்டுவதுபோல அந்த நூல் தண்டுக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது.

அவன் லைனைக் கூப்பிட்டான். ஒவ்வொருவராக வந்து, குனிந்து, ஸ்க்ரூடிரைவரில் காது வைத்துக் கேட்டு, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். வெயிலாச்சி கேட்டுவிட்டு, "ஐயோ என் மதினி" என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியாகக் கேட்டவர் லைன் மேஸ்திரி தவசிலிங்கம். லைனில் ஒரு காரியம் சரியா தப்பா என்று சொல்கிற இடத்தில் இருந்தவர். ஸ்க்ரூடிரைவரைத் துண்டால் துடைத்து இருளப்பன் கையில் கொடுத்தார்.

"நல்லா ஊறிப் பிடிச்சிருக்கு," என்றார். "தண்ணிய மட்டும் அளவா ஊத்து."

"அண்ணாச்சி, அவளுக்கு வலி அப்படியே இருக்கு."

"நீதானப்பா வாசல்ல நின்னு போயிருச்சுன்னு சொன்ன?"

"தெரியாமச் சொல்லிட்டேன். செடியப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வழி பாக்கட்டுமா?"

"பிடுங்குனா மருந்துக்கு எங்க போவ?" தங்கப்பழம்தான் கேட்டான். விரல் இல்லாத கையைப் பின்னால் வைத்திருந்தான். "மதினிக்காகத்தான் சொல்றேன் அண்ணாச்சி. எழுபது நாளு. அதுவரைக்கும் அவுக கத்துனாலும் வலி, கத்தாட்டியும் வலி. கத்தாம இருந்தா எங்களுக்கும் ஒரு வாய் தூக்கம்."

அது நியாயமாகத்தான் இருந்தது. இருளப்பனாலேயே அதில் கோளாறு கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிலிருந்து செடி லைனுக்குச் சொந்தமானது. மூன்றாம் வீட்டிலிருந்து இன்னொரு ட்யூப்லைட் வந்தது, பத்தாம் வீட்டிலிருந்து மேஜை விசிறி வந்தது, ஆட்டு எருவைச் சலித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார்கள். பெண்கள் பிரசவத்துக்கு நாள் எண்ணுவதுபோல விரல் மடக்கி எண்ணினார்கள். மூன்று விரல் இலை ஐந்து விரலானது, ஐந்து ஏழானது. சீனியம்மாள் அதிகம் கத்திய நாட்களில் செடி அதிகம் வளர்ந்தது. "நேத்து மதினிக்கு ரொம்ப முடியல போலருக்கே, ஒரு சாண் ஏறியிருக்கு" என்று வெயிலாச்சி அளந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தூங்கி எழுந்த லைன் செழித்தது. தங்கப்பழம் மூன்று விரலால் முடிச்சுப் போடப் பழகிக்கொண்டான். இரண்டு கல்யாணம் பேசி முடித்தார்கள். யாரும் சீனியம்மாளைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. வந்தவர்கள் கட்டிலுக்கும் செடிக்கும் நடுவில், செடியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் வாய் திறந்திருப்பதைப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது என்று யாரோ ஒரு வெள்ளைத் துணியை முகத்தில் போட்டுவிட்டார்கள். இருளப்பன் எடுத்துவிடுவான். அடுத்து வருகிறவர் போடுவார். சில நாள் அவன் எடுக்க மறந்தான்.

ஐம்பதாம் நாள் பூ வந்தது. கணுவுக்குக் கணு வெள்ளை முடி நரைத்ததுபோல் நீட்டிக்கொண்டு நின்றது, வாசனை லைனைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. மறுநாளே பதினான்கு வாசலிலும் கருவாடு காயப்போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"என்ன நாத்தம்யா இது?"

"நெத்திலி ஏட்டையா," என்றாள் வெயிலாச்சி.

"நெத்திலிக்கு உள்ள ஒரு நாத்தம் வருதே?"

"அது நெத்திலிக்குள்ள இருக்க நெத்திலி ஏட்டையா. கொஞ்சம் கட்டித் தரட்டுமா?"

அவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, போகும்போது சிவப்புத் துணியைப் பார்த்துச் சைக்கிள் மணியை அடிக்காமல் போனார்.

அறுபதாம் நாளுக்கு மேல் வெள்ளை முடிகள் ஓரம் பழுத்தன. லைனில் பேச்சு குறைந்தது. அறுத்தால் சத்தம் வெளியே வந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருந்து செய்து, அவள் குடித்து, அது உள்ளே இறங்கிப் பிடிக்கிற வரைக்கும் எத்தனை நாளோ, அத்தனை நாளும் அவள் தன் சொந்தத் தொண்டையில்தான் கத்தியாக வேண்டும். தவசிலிங்கம் வந்தார். "இந்த வாரம் நைட் ஷிப்டுல பழைய மிஷின் ஓட்டுறானுவ. தூக்கம் கெட்டா இன்னொருத்தன் கை போயிரும். ஒரு வாரம் தள்ளிப் பாரேன்" என்றார்.

"செடி தள்ளாது அண்ணாச்சி. அது எண்ணிக்கிட்டிருக்கு."

"செடி எண்ணட்டும். மனுசன் எண்ணாம இருக்கலாமில்ல?"

எழுபதாம் நாள், ஆனி மாதத்து மத்தியானம். இருளப்பன் இரவு ஷிப்டு முடித்து வந்து, குளித்து, கத்தரிக்கோலை உரசித் தீட்டினான். வாசலில் லைன் முழுக்க நின்றது. கையைக் காலைப் பிடித்து அவனைத் தடுக்க யாரும் வரவில்லை, வழி விட்டார்கள். தங்கப்பழம் மட்டும் தன் கையை முன்னால் கொண்டுவந்து கட்டிக்கொண்டான். இருளப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். முகத்துத் துணியை எடுத்தான். அவள் வாய் திறந்திருந்தது, கண் அவன்மேல் இருந்தது. செடி ஆடிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலைத் தண்டில் வைத்தான்.

அழுத்தினால் போதும். அழுத்துவதற்கு முன்னால் மாசி மாதத்து மத்தியானங்கள் அவன் காதுக்குள் வந்தன. தூக்கமில்லாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டது வந்தது, செத்துத் தொலையேன் என்று ஒரு நாள் பல்லைக் கடித்துச் சொன்னது வந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தான். கால் நீட்டினான். வெளியே பதினான்கு வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததில் அப்படி ஒரு அமைதி. கத்தரிக்கோல் கையில் இருக்க, தரையில் சாய்ந்து தூங்கிப்போனான்.

நாலு மணிச் சங்கு ஊதியபோது விழித்தான். சீனியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்து நின்றது, ஏதோ சொல்லி முடித்ததுபோல. செடி அப்போது ஆடாமல் நின்றிருந்தது. அவன் கண் திறந்ததும் ஆடத் தொடங்கியது.

"நாளைக்கு அறுத்துர்றேன்," என்றான் அவளிடம். கதவைத் திறந்தான். வெயிலாச்சி சொம்பில் காப்பியை நீட்டினாள்.

மறுநாள் முடிகள் கறுத்தன. அதற்கு மறுநாள் பூ கை வைத்தால் உதிர்ந்தது. எழுபத்து மூன்றாம் நாள் அவன் மில்லில் இருந்தபோது சீனியம்மாள் இறந்தாள். அறைக்குள் நாலு பெண்கள் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தும் யாருக்கும் தெரியவில்லை. செடி அசையவில்லையே என்று ஒருத்தி ட்யூப்லைட்டைப் பார்த்தாள், பிறகு விசிறியைப் பார்த்தாள், கடைசியாகத்தான் கட்டிலைப் பார்த்தாள்.

மாரடித்து ஒப்பாரி வைக்கப் பெண்கள் வட்டமாகக் கூடி வாயைத் திறந்தபோது, பகல் பன்னிரண்டு மணி. பெயிண்ட் டப்பாவிலிருந்து சீனியம்மாள் கத்தினாள். பங்குனியில் பாதியில் நின்ற கத்தலின் மிச்சப் பாதி அது. ஒப்பாரி அதற்குள் அமுங்கிப்போனது.

செடி எப்படி எண்ணிக்கொண்டு வாங்கியதோ அப்படியே எண்ணிக்கொண்டு கொடுத்தது. முதல் நாள் கத்தல் முதல் நாள், இரண்டாம் நாள் கத்தல் இரண்டாம் நாள், உள்ளே போன அதே மணிக்கு வெளியே வந்தது. காய்ந்த செடியைப் போர்வையில் சுற்றினார்கள், பஞ்சுப் பொதிக்குள் புதைத்தார்கள், டப்பாவோடு கண்மாயில் வீசினார்கள். அதற்குப் பிறகும் ஏழாம் வீட்டிலிருந்துதான் சத்தம் வந்தது. இருளப்பன் கண்மாயில் இறங்கி டப்பாவை எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்தான். லைனில் துணி கட்டாத வாசலே இல்லை என்றானது. சிவப்புத் துணி தீர்ந்து, கல்யாணப் பட்டைக் கிழித்துக் கட்டினார்கள்.

தவசிலிங்கம் முப்பதாம் நாள் வந்தார். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. "இருளப்பா, நீ ஃபிட்டரு. எந்தச் சத்தத்தையும் நிறுத்துறவன். ஏதாவது செய்யேன்."

"இதுல கோளாறு எதுவும் இல்ல அண்ணாச்சி," என்றான் இருளப்பன். "நான் பாத்துட்டேன்."

ஒவ்வொரு குடும்பமாக லைனைக் காலி செய்தது. தங்கப்பழம் வீட்டு வண்டி கடைசியாகக் கிளம்பியது. வெயிலாச்சி வண்டியில் ஏறுமுன் ஏழாம் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்களும் வந்துருங்களேன் அண்ணாச்சி. இதுக்குள்ள கிடந்து எப்பிடி?"

"எழுபதாம் நாளு வரைக்கும் இருக்கணும் தாயி."

"அன்னைக்கு என்ன?"

"அன்னைக்கு மத்தியானம் அவ எங்கிட்ட என்னமோ சொன்னா. நான் தூங்கிட்டேன்."

ஆள் இல்லாத பதிமூன்று வீடுகளுக்கு நடுவில் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவள் திட்டியிருப்பாள் என்று சில நாள் நினைத்தான். திட்டியிருந்தால் நல்லது என்று நினைத்தான். தண்ணீர் கேட்டிருப்பாள் என்று சில நாள் நினைத்து, சாப்பிட முடியாமல் இலையை மடக்கினான். அறுத்துவிடு என்று கெஞ்சியிருப்பாளோ என்பதை மட்டும் முழுதாக நினைக்க அவனால் முடியவில்லை. ஆவணி பிறந்து எழுபதாம் நாள் வந்தது. காலையிலிருந்து வந்த கத்தல் பன்னிரண்டு மணிக்கு ஏறியது, ஒரு மணிக்கு இன்னும் ஏறியது. அவன் கத்தரிக்கோலோடு உள்ளே வந்த நேரம் வந்தது. உட்கார்ந்த நேரம் வந்தது. சாய்ந்த நேரம் வந்தது. கத்தல் நின்றது.

அவன் ஸ்க்ரூடிரைவரின் முனையைக் காய்ந்த தண்டில் வைத்து, பிடியில் காதை வைத்தான்.

உள்ளே அவள் குரல் வந்தது. மார்கழிக்கு முந்தைய குரல், ஐஸ்காரனிடம் பேசுகிற குரல். அருகில் இலை சலசலக்கிற சத்தமும் கேட்டது. அவள் அந்தச் செடியிடம்தான் பேசினாள்.

"ச்சூ, ஆடாத. சத்தம் போடாத. அவுக தூங்குறாக."

இலைச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பல்லோடு பல் உரசுகிற ஓசை மட்டும், நிறுத்தி நிறுத்தி, இரண்டு மணி நேரம் வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தையும் இருளப்பன் காதை எடுக்காமல் கேட்டான். கடைசியில், ஒருமுறை, மிகத் தணிந்து, "சங்கு ஊதட்டும்" என்றாள்.

மில்லில் நாலு மணிச் சங்கு ஊதியது. அவள் கத்தத் தொடங்கினாள்.